கம்பி முறுக்கும் நாள்

ஐந்தாம் ஆண்டில் பள்ளிக்கு வந்த பல் தாதி
சர்வினியின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்து
எழுதித் தந்த தாள்
நாலாக மடிந்து என் பர்சில் கிடந்தது மூன்று வருஷம்.
மடிப்போரத்தில் எழுத்து அழிந்தது.
பல் தன் பாட்டுக்கு முன்னே வந்தது.

தனியாரிடம் கேட்டேன். ஏழாயிரம் வெள்ளி.
தவணையில் கட்டலாமே என்றாள்
முகப்பில் இருந்த வரிசைப் பல்காரி.
எங்கள் மோட்டார் சைக்கிளுக்கே இன்னும் பதினாலு தவணை.

அதற்குள் இவள் படிவம் இரண்டு.
சிரிப்பு வருமுன்னே கை வந்துவிடும் வாய்க்கு.
வகுப்புப் படத்தில் இவள் மட்டும்
கொட்டாவியை மறைப்பவள் போல நிற்கிறாள்.
முல்லையரும்பு, முத்துச்சரம் என்று
பல்லைப் பாடி வைத்தவர்கள் யாரும்
காத்திருப்போர் பட்டியலில் நின்றதில்லை.

கடிதம் வந்தது ஒரு புதன்கிழமை.
தஞ்சோங்கில். காலை எட்டரைக்கு.

சுங்கை பாக்காப்பிலிருந்து எட்டரைக்குப் போய்ச் சேர
நாலேகாலுக்கு எழ வேண்டும்.
பாகான் வரை பஸ், பிறகு ஃபெர்ரி,
இறங்கி இன்னொரு பஸ், அப்புறம் நடை.
நாற்காலியில் பன்னிரண்டு நிமிஷம்.
வழியில் ஆறேழு மணி நேரம்.
கம்பெனியில் அன்று சம்பளமில்லா விடுப்பு,
அதோடு அந்த மாத வருகைப்படி எண்பது வெள்ளியும் போகும்.
மாதம் ஒரு நாள், இரண்டு வருஷத்துக்கு.
பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடு என்கிறார்கள்.
கடிக்கிறோம்.
கடிதான் சேரவில்லை.

அங்கே எங்கள் விருப்பத்துக்கு விட்டது ஒன்றே ஒன்று:
ரப்பர் வளையத்தின் நிறம்.
பிப்ரவரியில் நீலம்.
பரீட்சை மாதத்தில், ஏனோ, சாம்பல்.
தீபாவளிக்கு
ஒரு பல் விட்டு ஒரு பல் ஊதா, பச்சை.

நவம்பரில் மழை.
ஜூரு பக்கம் லாரி ஒன்று குப்புறக் கிடந்தது.
பாகானில் எங்கள் கண்ணெதிரே ஃபெர்ரி கயிற்றை அவிழ்த்தது.
முகப்பை எட்டியபோது மணி பத்து பத்து.
அங்கிருந்த அக்கா கணினியை விட்டுக் கண்ணெடுக்காமல்
வேறு தேதிதான், ஜனவரி கடைசி, என்றார்.
நான் தலையாட்டினேன்.
தலையாட்ட எனக்கு நன்றாக வரும்.

பின்னாலிருந்து ஒரு குரல்.
மலாயில், அவசரமில்லாமல்:
"நாங்கள் ஐந்து மணிக்குக் கிளம்பினோம்.
கம்பி விட்டுப்போய்க் கன்னத்தைக் குத்துகிறது.
ஒன்பது நாளாய். இதோ, பாருங்கள்."

கை கீழே தொங்கியது.
வாய் முழுசாய்த் திறந்திருந்தது,
ஊதாவும் பச்சையுமாய், ஓரத்தில் கொஞ்சம் ரத்தமுமாய்,
கூடமே பார்க்க.

ஒன்பது நாள்.
என்னிடம் சொல்லவில்லை.
சொன்னால் இன்னொரு விடுப்பு, இன்னொரு எண்பது என்று
கணக்குப் போட்டிருக்கிறாள்.
கணக்கில் எப்போதும் நல்ல மார்க்தான்.

அக்கா எழுந்து உள்ளே போனார்.
வந்து, மதியம் வரை உட்கார முடியுமா என்றார்.

உட்கார்ந்தோம்.
பக்கத்தில் பாலிங்கிலிருந்து வந்த பையன்
அப்பாவின் தோளில் ஈரமாய்த் தூங்கினான்.
மூன்று மணிக்குக் கிளம்பினார்களாம்.
அவர் கச்சான் பொட்டலம் நீட்டினார்.
நான் எடுத்துக்கொண்டேன்.
இவள் பார்த்துக்கொண்டிருந்தாள், கடிக்கக் கூடாதவள்.

அட்டையில் அடுத்த தேதி: டிசம்பர், ஒரு செவ்வாய்.
திரும்பும் ஃபெர்ரியில் ஷிப்ட் தாளோடு ஒட்டிப் பார்த்தேன்.
முந்தைய நாள் எனக்கு இரவு வேலை, பிறையில்.
ஏழு மணிக்கு மணியடித்ததும்
இவள் கேட்டில் வந்து நின்றால்
ஏழரை ஃபெர்ரியைப் பிடித்துவிடலாம்.
தூக்கம் கடல்மேல் பதினைந்து நிமிஷம்.
எண்பது வெள்ளி தப்பிக்கும்.

"நிறம் என்னடி போட்டாங்க?" என்றேன்.
எஞ்சின் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ,
கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி
ஈ என்றாள்.

ஆரஞ்சு.